காலிப் பெட்டி என்ன கேட்கிறது? வலைப்பதிவு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்

"வலைப்பதிவு தொடங்கப்போகிறேன், பிளாகரா வேர்ட்பிரஸ்ஸா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எளிது. ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள், ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இன்னொரு வகைக் கேள்விதான் சிக்கல். "முன்பெல்லாம் தினமும் ஏதாவது எழுதுவேன். புது இடத்துக்கு மாறிய பிறகு மாதத்துக்கு ஒன்று வருவதே பெரும்பாடாக இருக்கிறது. எனக்கு எழுத்து வற்றிவிட்டதா?"

அநேகமாக எழுத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழுதும் பெட்டி மாறியிருக்கும்.

இதை நானே ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். என் மேசை விளக்கு எரியவில்லை. சுவிட்ச் போய்விட்டது என்று நினைத்து, புதிது வாங்கி, திருகாணிகளைக் கழற்றி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி மாற்றினேன். அப்புறமும் எரியவில்லை. பல்பு சரியாகத் திருகப்படாமல் இருந்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். இதை மூன்று மென்பொருளில் எழுதினேன்.

குறும்பதிவுப் பெட்டியில் வந்தது இது: "ஒரு மணி நேரம் போராடி விளக்கின் சுவிட்சை மாற்றினேன். பல்பு லூஸாக இருந்திருக்கிறது." முடிந்தது.

தலைப்பு கேட்கும் பெட்டியில் முதல் பத்து நிமிடம் தலைப்புக்கே போனது. "பழுது பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்" என்று வைத்தேன். அப்புறம் மூன்று சோதனைகளைத் தேட வேண்டியதாயிற்று, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 640 சொல் ஆனது.

மின்மடல் பெட்டியில், "வணக்கம். இந்த வாரம் பாதி மடலை இருட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்" என்று ஆரம்பித்து, நடுவில் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களைத் தொட்டு, "உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா? பதில் போடுங்கள்" என்று போய் நின்றது.

எழுதிய ஆள் ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான். ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது வசதிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பெட்டி என்னை எப்படிப்பட்ட எழுத்தாளனாக ஆக்கும் என்று பார்க்கலாம் என்பது என் கட்சி.

## எதை வைத்து எடை போடுவது

தலைப்பு. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு எடை அதிகம். 1999 ஆகஸ்டில் பிளாகர் வந்தபோது அதில் தலைப்புக்கென்று தனிப் பெட்டி கிடையாது. அன்றைய தேதிதான் தலைப்பு. தேதிக்குக் கீழே இரண்டு வரி, ஒரு சுட்டி, இன்னொரு நான்கு வரி என்று ஒரே நாளில் பல குறிப்புகள் அடுக்கடுக்காக விழும். 2001இல் வந்த மூவபிள் டைப் தலைப்பு, உடல், நீட்சி, சுருக்கம் என்று தனித்தனிப் பெட்டிகள் கொடுத்தது. 2003இல் வந்த வேர்ட்பிரஸ்ஸும் தலைப்பை உச்சியில் உட்கார வைத்தது. பெயர் வைத்துவிட்டால் அது குறிப்பு இல்லை, கட்டுரை. கட்டுரை என்றால் முன்னுரை வேண்டும், நடு வேண்டும், முடிவு வேண்டும். இரண்டு வரிக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள், உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

இத்தனைக்கும் தொழில்நுட்பம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. புதுப் பதிவுகளை வாசகரின் படிப்பானுக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் 2.0 ஓடையில் ஒரு பதிவுக்குத் தலைப்பு அல்லது உள்ளடக்கம், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஆனால் 2013இல் மூடப்படும்வரை பெரும்பாலோர் படிக்கப் பயன்படுத்திய கூகுள் ரீடர், தலைப்பில்லாத பதிவுகளுக்கு மேலே "தலைப்பு தெரியவில்லை" என்று ஒரு முத்திரை குத்திவிடும். ஏதோ குற்றம் செய்த மாதிரி இருக்கும். எழுதுபவர்கள் அடங்கிப்போய்த் தலைப்பு வைக்க ஆரம்பித்தார்கள்.

எல்லையும் எண்ணும். எழுத்து வரம்பு, சொல் எண்ணிக்கை, வாசிப்பு நேரம், "போதும்" என்று மென்பொருள் காட்டும் பச்சை விளக்கு. ஓர் எண் கண்ணில் பட்டுவிட்டால் அதை நோக்கித்தான் கை ஓடும்.

வெளியிடும் முன் எத்தனை படி, வெளியிட்ட பின் திருத்தலாமா. ஒரே பொத்தான் என்றால் அரைகுறையாகவும் தைரியமாகவும் எழுதுவோம். ஐந்து படி என்றால், ஐந்து படி ஏறும் அளவுக்கு விஷயம் கனமாக இருக்கிறதா என்று முதல் படியிலேயே சந்தேகம் வந்துவிடும்.

வாசகர் எங்கே சந்திக்கிறார். முகப்பில் முழுப் பதிவும் தெரிகிறதா, முதல் இரண்டு வரி மட்டுமா, அஞ்சல் பெட்டியில் போய் விழுகிறதா?

வெளியே வரும் வழி. எழுதியதை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா, இறக்கியது இன்னோர் இடத்தில் பொருந்துமா என்பது.

## பிளாகர்

2003இல் கூகுள் கைக்குப் போனதிலிருந்து இலவசம், பராமரிப்பு வேலை இல்லை. இன்றும் தலைப்பை விட்டுவிட்டு வெளியிட இடம் கொடுக்கிறது. வெளியிட ஒரே பொத்தான். எழுதிப் பழகாதவருக்கு இதைவிடக் குறைந்த தடை எங்கும் இல்லை.

நடையைப் பொறுத்தவரை இங்கே முக்கியம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புரு. பழைய வார்ப்புருக்களில் முழுப் பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். வாசகர் இன்றைய பதிவை முடித்துக் கீழே உருட்டினால் நேற்றையது தானாக வரும். அதனால் "நேற்றுச் சொன்னேனே, அதில் ஒரு திருத்தம்" என்று பேச்சுவாக்கில் தொடங்கலாம். 2017இல் வந்த புது வார்ப்புருக்கள் படமும் துணுக்குமாகக் கட்டம் கட்டிக் காட்டுகின்றன. அங்கே முதல் இரண்டு வரியே விளம்பரப் பலகை. "நேற்றுச் சொன்னேனே" என்று ஆரம்பித்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். மென்பொருள் அதேதான், வார்ப்புருவை மாற்றினாலே தொனி மாறிவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. பதிவின் இணைய முகவரியை நாமே கையால் போடாவிட்டால், பிளாகர் தலைப்பிலுள்ள தமிழ் எழுத்துகளை உதறிவிட்டு "பிளாக்-போஸ்ட்" என்று ஒரு பொதுப் பெயரை வைத்து, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். ஐந்து வருடம் எழுதியவரின் முகவரிப் பட்டியலைப் பார்த்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்த குடும்பம்போல் இருக்கும். சுட்டியைப் பார்த்து எந்தப் பதிவு என்று எழுதியவருக்கே தெரியாது.

இது பொருந்துவது: நாட்குறிப்புபோல, சின்னச் சின்னதாக, அடிக்கடி எழுத நினைப்பவருக்கு. பழைய பாணி வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும், அது முக்கியம்.

## வேர்ட்பிரஸ்

எல்லோரும் கேட்பதும் இதைத்தான், நான் அதிகம் புழங்கியதும் இதில்தான்.

ஒரே வேர்ட்பிரஸ்ஸுக்குள் இரண்டு வெவ்வேறு எழுதும் பெட்டிகள் இருக்கின்றன. பழைய எடிட்டர் ஒரு வெள்ளைத் தாள். மேலே கருவிப்பட்டை, கீழே சொல் எண்ணிக்கை. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த குட்டன்பர்க் எடிட்டர் எல்லாவற்றையும் கட்டங்களாக வெட்டிவிட்டது. (அதை பிளாக் எடிட்டர் என்பார்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் வலைப்பதிவும் பிளாக், கட்டமும் பிளாக் என்று குழம்பிவிடும் என்பதால் கட்டம் என்றே சொல்கிறேன்.) ஒவ்வொரு முறை எண்டர் தட்டும்போதும் ஒரு புதிய கட்டம். அதைப் பிடித்து மேலே தள்ளலாம், கீழே இறக்கலாம், தலைப்பாகவோ மேற்கோளாகவோ மாற்றலாம்.

இதனால் நடைக்கு என்ன ஆகிறது என்பதை என் பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பழையவற்றில் பத்திகள் "ஆனால்", "அதனால்தான்", "இருந்தாலும்" என்று தொடங்கும். ஒரு பத்தி முந்தைய பத்தியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கும். கட்ட எடிட்டரில் எழுதியவற்றில் அந்த இணைப்புச் சொற்கள் குறைந்துபோயிருந்தன. எந்தப் பத்தியை எங்கே நகர்த்துவேன் என்று எனக்கே தெரியாததால், ஒவ்வொன்றும் தனியாக நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பத்தி சின்னதாகிவிட்டது. நடுநடுவே துணைத்தலைப்புகள் முளைத்துவிட்டன. செய்முறை விளக்கங்களுக்கு இது வரம். ஒரு வாதத்தைப் படிப்படியாகக் கொண்டுபோகிறவருக்குக் கால் இடறும். பழைய எடிட்டரை மீட்டுத்தரும் செருகுநிரலை (கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) லட்சக்கணக்கானோர் இன்னமும் விடாமல் வைத்திருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

குறும்பதிவுகளுக்கு இடம் கொடுக்கவும் வேர்ட்பிரஸ் முயன்று பார்த்தது. 2011இல் 3.1 பதிப்பில் குறிப்பு, மேற்கோள், நிலைத்தகவல் என்று பதிவு வகைகளைச் சேர்த்தார்கள். எடுபடவில்லை. வகை எதுவானாலும் உச்சியில் அந்தத் தலைப்புப் பெட்டி காலியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறதே!

அடுத்தது செருகுநிரல்கள். யோஸ்ட் மாதிரியான தேடுபொறிச் செருகுநிரலை நிறுவினால் பதிவுக்குக் கீழே ஒரு கண்டிப்பான ஆசிரியர் வந்து உட்கார்ந்துவிடுவார். 300 சொல்லுக்குக் குறைந்தால் போதாது என்பார். 20 சொல்லைத் தாண்டும் வாக்கியங்கள் அதிகமானால் முகம் சுளிப்பார். குறிச்சொல் முதல் பத்தியில் இல்லையா என்று கேட்பார். பச்சை விளக்கு எரியும்வரை சொல்லைச் சேர்த்துக்கொண்டே போவோம். 200 சொல்லில் நறுக்கென்று முடிந்த பதிவை நான் 310 ஆக இழுத்திருக்கிறேன். இழுத்த 110 சொல்லும் சவசவ என்றிருந்தன. தேடலில் வந்து விழும் வாசகர்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் அதைச் சகித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்தப் பச்சை விளக்கை அணைத்துவிடுங்கள்.

தமிழ்த் தலைப்புக்கு இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. முகவரித் துணுக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் சதவீதக் குறியும் எண்ணுமாக உருமாறும்போது 9 இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆக, 22 குறிகள்தான் கொள்ளும். கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் "வலைப்பதிவு" என்ற ஒரு சொல்லுக்கே 10 குறி. நீளமான தலைப்பு வைத்தால் இரண்டு மூன்று சொல்லோடு முகவரி அறுந்துபோகும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு முகவரியைக் கையால் போடுவது வழக்கமாகிவிட்டது. வெளியிடும் முன் அது இன்னொரு படி.

மறைசெலவு: சொந்தமாக நிறுவினால் வழங்கி வாடகை, இற்றைப்படுத்தல், காப்புநகல், எரிதங்களை (வேண்டாத விளம்பரப் பின்னூட்டங்களை) துரத்துவது. எழுத உட்கார்ந்து, இற்றைப்படுத்தச் சொல்லும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து, அதைச் செய்து, ஏதோ உடைந்து, அதைச் சரிசெய்து படுக்கப்போன இரவுகள் எனக்கு நிறைய உண்டு. ஆனால் வெளியே வரும் வழி தாராளமாக இருக்கிறது. எல்லாம் உங்கள் கையில்.

இது பொருந்துவது: 600 சொல்லுக்கு மேல், ஒரு பொருளைப் பற்றி, பல ஆண்டு கழித்தும் தேடி வருபவர்களுக்காக எழுதுபவருக்கு.

## மீடியம்

2012இல் வந்தது. தொடங்கியவர் ஈவான் வில்லியம்ஸ். பிளாகரையும் ட்விட்டரையும் உருவாக்கியவர்களில் ஒருவர், ஆகவே பெட்டியின் மகிமை அவருக்கு நன்றாகவே தெரியும். மீடியத்தில் எழுதுவது சுகமானது என்பதை மறுக்க முடியாது. எழுத்துரு தேர்வு, வண்ணம், ஓரப்பட்டை ஒன்றும் கிடையாது. எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். காலிப் பக்கத்தில் மங்கலாக "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றிருக்கும். சொன்னபடியே எல்லோரும் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "அன்று காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது" வகைத் தொடக்கங்கள் அங்கே தடுக்கி விழுந்தால் தட்டுப்படும்.

தலைப்புக்குக் கீழே வாசிப்பு நேரம் தெரியும். 2013இல் அவர்களே தங்கள் தரவைப் பார்த்து, அதிக நேரம் படிக்கப்படுவது 7 நிமிடப் பதிவு என்று சொன்னார்கள். அதன் பிறகு 7 நிமிடத்துக்கு வெட்டித் தைத்த பதிவுகள் பெருகின. 2019 முதல், உறுப்பினர்கள் படித்த நேரத்தைக் கணக்கில் எடுத்து எழுதுபவருக்குப் பணம் தரும் முறை வந்தது. நேரத்துக்குக் காசு என்றால் எழுத்து நீளத்தானே செய்யும்.

வாசிப்பு நேரக் கணக்கு நிமிடத்துக்குச் சுமார் 265 சொல். தமிழுக்கு இது சரிவராது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக வருவதை நாம் "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். 1,000 சொல் தமிழ்ப் பதிவுக்கு 4 நிமிடம் என்று காட்டும். எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது.

நடையை இன்னும் ஆழமாகத் தொடுவது, வாசகர் ஒரு வரியைப் பிடித்து வண்ணம் பூசும் வசதி. எந்த வரிக்கு வண்ணம் விழுந்தது என்று எழுதியவருக்கும் தெரியும். இரண்டு மாதம் போனால் பத்திக்கு ஒரு பொன்மொழி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

மறைசெலவு: வாசகர் உங்கள் வாசகர் இல்லை, மீடியத்தின் வாசகர். கட்டணச் சுவருக்கு உள்ளே வைத்தால், நீங்கள் தனிச் சுட்டி அனுப்பாவிட்டால் சந்தா கட்டாத நண்பர்கள் முழுதாகப் படிக்க முடியாது, வெளியே வைத்தால் காசு வராது.

இது பொருந்துவது: வருடத்துக்கு நான்கைந்து நல்ல கட்டுரை எழுதி, அவை புதியவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று நினைப்பவருக்கு. தமிழில் எழுதுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மின்மடல்: சப்ஸ்டாக், கோஸ்ட்

சப்ஸ்டாக் 2017இல் வந்தது, கோஸ்ட் 2013இல். இங்கே பதிவு வாசகரின் அஞ்சல் பெட்டிக்கே போய்விடுகிறது என்பதில்தான் எல்லா மாற்றமும் தொடங்குகிறது. போனது போனதுதான். இணையத்தில் இருக்கும் பிரதியைத் திருத்தலாம், அஞ்சலில் போனதைத் திருத்த முடியாது. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நாலாவது முறையாகப் படிப்பது இங்கேதான் நடக்கும். பிழை குறையும், துணிச்சலும் குறையும்.

அடுத்தது கிழமை. வெள்ளிக்கிழமை மடல் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், சொல்ல ஒன்றும் இல்லாத வெள்ளியிலும் எழுதியாக வேண்டும். இரண்டு வரி மட்டும் அனுப்பினால் "இதற்கு ஓர் அஞ்சலா" என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் நீளம் தானாகக் கூடும். அதனால்தான் மடல்களில் "இந்த வாரம் கவனித்தவை", "படித்தவை" என்று பொட்டலம் கட்டும் பழக்கம் வந்தது. இன்னொரு பக்கம், மடலில் இருக்கும் நெருக்கம் வேறெதிலும் இல்லை. பொதுவெளியில் பின்னூட்டம் போடக் கூச்சப்படுபவர்கள்கூட மடலுக்குப் பதில் எழுதுகிறார்கள். முன்னிலையில், ஒருவரைப் பார்த்துப் பேசுவதுபோல எழுத வந்துவிடும்.

நீளத்துக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலியும் உண்டு. ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை நடுவில் வெட்டி, "முழுவதும் பார்க்க" என்று ஒரு சுட்டியைப் போட்டுவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆங்கிலத்தில் எழுதுபவர் நிம்மதியாகக் கடக்கும் தூரத்தில் நாம் மூச்சு வாங்குவோம். வடிவமைப்புக்கான நிரல்வரிகளும் அதே கணக்கில் சேர்வதால், 2,500 சொல்லைத் தாண்டும் தமிழ் மடல் அந்தக் கோட்டுக்கு வெகு பக்கத்தில் போய்விடும். உங்கள் கடைசிப் பத்தியை வாசகர் பார்த்தாரா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

மறைசெலவு: கட்டணச் சந்தா வைத்தால் சப்ஸ்டாக் 10 விழுக்காடு எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. கோஸ்ட் பங்கு கேட்பதில்லை, ஆனால் மாதக் கட்டணமோ சொந்த வழங்கியோ வேண்டும். பணத்தைவிடப் பெரிய செலவு அந்தக் கிழமை.

இது பொருந்துவது: வாரம் ஒரு முறை 800 முதல் 1,500 சொல் தவறாமல் எழுத முடிகிறவருக்கு. எப்போதாவது எழுதுகிறவர் இதில் போனால் மூன்றாம் மாதம் மன்னிப்பு மடல்தான் எழுதுவார்.

## நிலைத்தளம்: ஜெக்கில், ஹியூகோ

பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாகக் கட்டி மேலேற்றும் முறை இது. கணினி நிரல் எழுதுபவர்களின் செல்லப்பிள்ளை. ஜெக்கில் 2008இல் வந்தது. பதிவு என்பது மார்க்டவுனில், அதாவது எளிய குறிகள் போட்ட வெறும் உரையில், எழுதிய ஒரு கோப்பு, அவ்வளவே. ஆனால் அந்தக் கோப்புக்குத் தேதியும் பெயரும் சேர்ந்த பெயர் வைத்தால்தான் ஜெக்கில் அதைப் பதிவாகவே ஏற்கும். முதல் சொல் எழுதும் முன்பே பெயர் கேட்கும் பெட்டி இது. அப்புறம் முகப்புத் தகவல் (கோப்பின் தலையில் எழுதும் தலைப்பு, தேதி போன்ற விவரங்கள்), கட்டளை வரி, தளத்தைக் கட்டுவது, மேலேற்றுவது. இத்தனை படியேறி ஒருவர் மேசை விளக்குக் கதை எழுத மாட்டார். நீளமான, துணைத்தலைப்பும் நிரல்துண்டும் நிறைந்த, அரிதான பதிவுகள்தான் வரும். ஒரு பதிவு போட்டு, அது "இந்தத் தளத்தை எப்படிக் கட்டினேன்" என்பதாக இருந்து, பிறகு இரண்டு வருடம் ஓசையே இல்லாத தளங்கள் எத்தனையோ.

வெளியே வருவது பற்றிக் கவலையே வேண்டாம், எல்லாம் உங்கள் கணினியில் சாதாரண உரைக்கோப்பாகவே கிடக்கும். பொருந்துவது: கட்டளை வரி கைப்பழக்கமாக உள்ளவருக்கு, வருடக்கணக்கில் திருத்தித் திருத்தி வளர்க்கும் பக்கங்களுக்கு.

## குறும்பதிவு: எக்ஸ், ப்ளூஸ்கை, மைக்ரோ.பிளாக்

இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரின் 140 எழுத்து யாரோ அழகுக்காகத் தேர்ந்தெடுத்தது இல்லை. குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, அதில் பெயருக்கு 20 போக மீதி. 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள். அப்போது அவர்கள் சொன்ன கணக்கு சுவாரசியமானது: 140 இருந்தபோது ஆங்கிலப் பதிவுகளில் 9 விழுக்காடு வரம்பில் போய் முட்டின, 280இல் 1 விழுக்காடுதான் முட்டின. இடத்தை இரட்டிப்பாக்கியும் பெரும்பாலோர் பழைய நீளத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலி நகர்ந்துவிட்டாலும் பழகிய கால் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பெட்டிக்குள் மங்கலாக இருந்த கேள்வியையும் மறக்க வேண்டாம். முதலில் "நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றிருந்தது, 2009 நவம்பரில் "என்ன நடக்கிறது?" என்று மாற்றினார்கள். முதல் கேள்விக்குப் பதில் நாட்குறிப்பு. இரண்டாவதற்குப் பதில் செய்தி, சண்டை, கருத்து.

தமிழில் எழுதுபவர் கட்டாயம் பார்க்க வேண்டியது, எழுத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதை. "தமிழ்" என்பதில் நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். எக்ஸ் அதை ஐந்தாக எண்ணும். கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ப்ளூஸ்கை கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணுவதால் அங்கே மூன்றுதான். எக்ஸின் 280இல் தமிழ் ஏறக்குறைய 170 எழுத்து கொள்ளும், ப்ளூஸ்கையின் 300இல் உண்மையிலேயே 300. என் கணக்கில் எக்ஸில் 28 சொல், ப்ளூஸ்கையில் 45 சொல். 28 சொல்லில் ஒரு நறுக்கு எழுதலாம். 45இல் "ஆனால்" என்று ஒரு மறுபக்கமும் சொல்லலாம். தொனி வேறுபாட்டுக்கு இந்தப் பதினேழு சொல் போதும். (எக்ஸில் கட்டணம் கட்டினால் 25,000 எழுத்துவரை போகலாம். அங்கே அவ்வளவு நீளமாக எழுதியதைப் பொறுமையாகப் படிப்பவர்களை நான் பார்த்ததில்லை.)

இந்த வகையில் எனக்குப் பிடித்த யோசனை மைக்ரோ.பிளாக்கில் இருக்கிறது. எழுத ஆரம்பிக்கும்போது தலைப்புப் பெட்டியே கண்ணில் படாது. குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய பிறகுதான் அது எட்டிப்பார்க்கும். முதலில் எழுது, வளர்ந்தால் பெயர் வைக்கலாம். மற்றவர்கள் இதை ஏன் காப்பியடிக்கவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர். மாதக் கட்டணம் உண்டு, தமிழ்ச் சூழல் மெலிது.

மறைசெலவு: எழுதியது ஒரு வாரத்தில் அடியாழத்துக்குப் போய்விடும். 28 சொல்லில் யோசித்துப் பழகிவிட்டால், 800 சொல்லுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு வாக்கியமும் தனிப் பதிவுபோலத் துண்டுதுண்டாக வந்து விழும். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

## ஒரே பார்வையில்

நீளம் என்ற நெடுவரிசையில் இருப்பது மென்பொருளின் வரம்பு இல்லை. தடுக்காமல் விட்டால் கை தானாகப் போய் நிற்கும் இடம், என் அனுபவத்தில்.

| மென்பொருள் | தலைப்பு | தானாக வரும் நீளம் (சொல்) | பின்னால் திருத்தலாமா | பெரிய மறைசெலவு |
|---|---|---|---|---|
| பிளாகர் | விட்டுவிடலாம் | 100 – 500 | தாராளமாக | அடையாளம் தெரியாத முகவரிகள் |
| வேர்ட்பிரஸ் | உச்சியில் நின்று கேட்கும் | 600 – 1,500 | தாராளமாக | பராமரிப்பு |
| மீடியம் | முதல் வரியே அதுதான் | 1,000 – 1,800 | முடியும் | வாசகர் உங்களுடையவர் இல்லை |
| சப்ஸ்டாக், கோஸ்ட் | கட்டாயம், அஞ்சலின் பொருள்வரி | 800 – 2,000 | அஞ்சலில் போனதை முடியாது | கிழமைக் கட்டாயம் |
| ஜெக்கில், ஹியூகோ | எழுதும் முன்பே | 1,500க்கு மேல் | முடியும், படி அதிகம் | எழுதாமலே இருந்துவிடுவது |
| குறும்பதிவு | கிடையாது | 15 – 45 | இடத்துக்கு இடம் வேறு | மறதி, துண்டு நடை |

## சரி, எதை எடுப்பது?

கடைசியாக எழுதிய பத்து விஷயங்களை எடுத்துப் பாருங்கள். நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, நாட்குறிப்பு, பாதியில் விட்ட வரைவு எல்லாம் கணக்கில் சேரும். அவற்றில் எத்தனைக்குத் தயங்காமல் தலைப்பு வைக்க முடிகிறது? ஏழெட்டுக்கு முடிந்தால் வேர்ட்பிரஸ், பழைய எடிட்டரோடு. ஏழெட்டு யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசுவதாக இருந்தால் மின்மடல். இரண்டு மூன்றுக்குத்தான் தலைப்பு வைக்க முடிகிறது என்றால் பிளாகரோ மைக்ரோ.பிளாக்கோ. அப்படிப்பட்டவர் வேர்ட்பிரஸ்ஸுக்குப் போய்த்தான் "எழுத்து வற்றிவிட்டதா" என்று கேட்கிறார்.

இரண்டு இடம் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறிப்புகளுக்கு ஒன்று, கட்டுரைகளுக்கு ஒன்று. நானும் செய்து பார்த்தேன். நாலைந்து மாதத்தில் சோம்பல் வென்று, எல்லாம் குறிப்பு இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. கட்டுரை இடத்துக்குத் தனியாக ஒரு கிழமை ஒதுக்க முடிந்தால் மட்டும் முயலுங்கள்.

இடம் மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தலைப்பில்லாத பெட்டியிலிருந்து தலைப்புள்ள பெட்டிக்கு மாறினால், ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். ஆனால் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் "(தலைப்பு இல்லை)", "(தலைப்பு இல்லை)" என்று நூற்றுக்கணக்கில் நிற்கும். என்னுடையவை நானூற்றுச் சொச்சம். முதல் நாள் மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பெயர் வைத்தேன், முப்பது முடிந்தது. இரண்டாம் நாள் முதல் மூன்று சொல்லையே வெட்டித் தலைப்பாக ஒட்டினேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, தேதியையே தலைப்பாகப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.